சத்திரத்து முற்றத்தில் சுண்ணாம்பு அடித்தது யார்?

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். இருக்கச் சொன்னவர் இப்போது இல்லை. ஆகவே, அவரை அறிந்தவர்களுக்கும், அறிந்ததாகச் சொல்லிக்கொண்டு மாலையும் கையுமாக மேடையேறியவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

செய்தி வந்த விதத்தை முதலில் சொல்ல வேண்டும். தென்காசியில் எங்கள் பள்ளிக்கூடத்தில் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. நான் காவல் இருந்த அறையின் வாசலில் பியூன் வந்து நின்று குரலைத் தாழ்த்தினான்.

"சார்வாள், விஷயம் தெரியுமா? குத்தாலத்துச் சத்திரத்துல மணியமா இருந்தாருல்லா, அந்த இடுப்பொடிச்ச பிள்ளை, அவரு வீரகேரளம்புதூர்ல மக வீட்டுல வச்சுப் போயிட்டாராம்."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஊரில் அவருக்கு அதுதான் பெயர். நல்லபெருமாள் பிள்ளை என்று சொன்னால் எந்த நல்லபெருமாள் என்று கேட்பார்கள். இடுப்பொடிச்ச பிள்ளை என்றால் உடனே தெரியும். அவர் யாருடைய இடுப்பையும் ஒடித்தவர் அல்லர். ஒரு மனிதருடைய சாவுச் செய்திகூட, அவர் செய்யாத ஒரு காரியத்தின் பெயரை ஒட்டிக்கொண்டுதான் என் காதுக்கு வந்தது.

குற்றாலத்தில் அவர் நிர்வாகம் பார்த்த சத்திரத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அதன் காரியதரிசியின் பெயரையும் எழுதப்போவதில்லை. அது என் பேனாவில் வர வேண்டிய அளவுக்கு அவர் பெரிய மனிதர் அல்லர். சீசன் மாதங்களில் கமிட்டிக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதிக் கொடுக்க நான் அங்கே போய்த் தங்குவேன். சாப்பாடும் ஓர் அறையும் உண்டு. அப்படித்தான் பிள்ளையோடு பழக்கம்.

சாரல் விழும் காலத்தில் குற்றாலத்துக்கு வந்தவர்களுக்கு அந்த முற்றம் நினைவிருக்கும். பெரிய பெரிய கற்கள் பாவிய திறந்த முற்றம். மற்றவர்கள் குற்றாலம் என்றதும் அருவியை நினைக்கிறார்கள். எனக்கு எண்ணெய் நாற்றம்தான் நினைவுக்கு வருகிறது. அருவிக்குப் போகுமுன் உடம்பு முழுக்க எண்ணெய் பூசி ஊறவைக்க வேண்டும் என்பது நம்மவர்களின் வழக்கம். பூசுவதற்கு என்றே ஆட்கள் உண்டு. மிராசுதார்களும் வக்கீல்களும் ஜவுளிக்கடை முதலாளிகளும் ஒரு முழக் கோமணத்தோடு அந்தக் கல்லில் மல்லாந்து கிடப்பார்கள். தொந்தியிலிருந்து வழியும் நல்லெண்ணெய் கல்லில் சொட்டும். எழுந்து அருவிக்குப் போய்விடுவார்கள். அவர்கள் உட்கார்ந்த இடம், படுத்த இடம், கையூன்றிய இடம் எல்லாம் கறுப்பாக அச்சு விழுந்து கிடக்கும். அதன் மேல் புழுதி படியும், எறும்பு ஒட்டும், மறுநாள் இன்னொரு முதுகு வந்து படுக்கும். குரங்குகள்கூட எங்கள் முற்றத்தில் நிதானித்துத்தான் நடந்தன.

"வந்தவன் போயிருதான், அவன் முதுகு இங்கனதான் கெடக்கு" என்பார் பிள்ளை. காலையில் ஓர் அச்சைக் காட்டி, "இது அம்பாசமுத்திரத்துக்காரரு. வெளக்கெண்ணெயும் கலந்திருக்காரு. பாருங்க, ஈ ஒட்டிக்கிட்டுப் பறக்க முடியாமக் கெடக்கு" என்று மூக்கைச் சுளிப்பார். அந்தச் சுளிப்பு அவர் முகத்தில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. அவர் சிடுமூஞ்சி என்று சொல்லித் திரிந்தவர்கள் ஒருவரும் அந்த முற்றத்தை ஒரு நாளாவது குனிந்து பார்த்ததில்லை.

ஒரு முறை திருநெல்வேலியிலிருந்து வந்த வக்கீல் ஒருவர், அப்போதுதான் சுத்தம் செய்து முடித்திருந்த கல்லில் எண்ணெய்ச் செம்போடு வந்து உட்காரப் போனார். பிள்ளை ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு ஓடினார்.

"அண்ணாச்சி, இந்தச் சாக்கு மேல உக்காருங்க."

"ஏன் வே, கல்லு ஒம்ம அப்பன் வீட்டுதா?"

"இல்லை. எங்க அப்பன் வீட்டுக் கல்லா இருந்தா ஒங்களை வாசல்லயே நிறுத்தியிருப்பேன்."

வக்கீல் காரியதரிசியிடம் புகார் செய்தார். பிள்ளை மன்னிப்புக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று உத்தரவாயிற்று. அவர் போய்க் கேட்டார்; கேட்கும்போதும் கையில் அந்தச் சாக்கு இருந்தது. வக்கீல் அதை வாங்கிப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தார்.

அவர் கறை எடுத்த முறை பலருக்குத் தெரியாது. தெரியாததால்தான் பின்னால் வந்த பொய்யை எல்லோராலும் விழுங்க முடிந்தது. ஆகவே சொல்கிறேன். சத்திரத்து வேலையாட்கள் எண்ணெய்க் கறையைக் கண்டால் தண்ணீர் ஊற்றித் துடைப்பத்தால் தேய்ப்பார்கள். பிள்ளை கத்துவார்.

"ஏலே, தேய்க்காதலே! தேய்ச்சா எண்ணெய் உள்ள போவும். உறிஞ்சி எடுக்கணும்."

சலித்த அடுப்புச் சாம்பல், உவர்மண், கொஞ்சம் தவிடு, மூன்றையும் கொதிக்கிற வெந்நீரில் குழைத்து அடைமாவு பதத்தில் கல்லின் மேல் பூசுவார். மேலே ஈரச்சாக்கு. அடுத்த நாள் சாக்கை எடுத்துவிட்டு உலரவிடுவார். உலர உலர அந்தக் களிம்பு எண்ணெயைக் குடித்து மேலே இழுக்கும். பிறகு சிரட்டையால் சுரண்டி, இலுப்பைப் புண்ணாக்குத் தூள் போட்டுக் கழுவுவார். ஒரு தடவையில் போகாது. கழுவிய கல் இரண்டொரு வெயிலுக்குப் பின் உள்ளே கிடக்கும் எண்ணெயை மறுபடி கக்கும். மறுபடி பூச வேண்டும். சாரலில் களிம்பு உலராது என்பதால் தென்னங்கிடுகால் சிறு கூரை போல் ஒன்று செய்து, ஒரு கல் முடிந்ததும் அடுத்த கல்லுக்கு நகர்த்திக்கொண்டே போவார். பூசிய கல்லைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கும். களிம்பைப் பூசிவிட்டு யாரையும் நடக்கவிட்ட மனிதர் அல்லர் அவர். இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ரசாயனம் படித்து பி.ஏ. பட்டம் வாங்கியவன். அவர் செய்வது சரி என்று எனக்குத் தெரியும், காரணமும் தெரியும். சாயங்கால வேளைகளில் அவருக்கு அந்தக் காரணங்களைச் சொல்லுவேன். ரசித்துக் கேட்டுவிட்டு, "இவ்வளவு படிச்சிருக்கீக, நீங்களும் கொஞ்சம் குனிஞ்சு சுரண்டினா கல்லு கோவிக்காது வாத்தியாரய்யா" என்பார். நானும் சுரண்டியிருக்கிறேன். முழங்கை வரைக்கும் அந்த நாற்றம் ஏறி இரண்டு வேளைச் சாப்பாடு இறங்காது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு சீசனில், ஒரு பெரிய துரை சத்திரத்தைப் பார்வையிட வருகிறார் என்று தாக்கல் வந்தது. துரை வருகிறார் என்றால் நம் நாட்டில் ஒரு வழக்கம் உண்டல்லவா? அசையாமல் நிற்கிற எதைக் கண்டாலும் அதற்குச் சுண்ணாம்பு அடிப்பது. மரத்துக்கு அடிப்பார்கள். மைல்கல்லுக்கு அடிப்பார்கள். கிணற்றுக்கு அடிப்பார்கள். காரியதரிசி முற்றத்தைப் பார்த்தார். பாதிக் கல் சுத்தமாகவும் பாதிக் கல் கறுப்பாகவும் கிடந்தது. முற்றம் முழுவதற்கும் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார்.

நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். பிள்ளை அவர் முன்னால் கை கட்டி நின்று சொன்ன வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது.

"எஜமான், சுவருக்கு அடிங்க, மரத்துக்கு அடிங்க. எண்ணெய்க் கல்லுக்கு மாத்திரம் வேண்டாம். எண்ணெயும் சுண்ணாம்பும் சேந்தா வழவழன்னு ஆயிரும். ஆளு நிக்க முடியாது. அப்புறம் எது போட்டாலும் போவாது."

"துரை வந்து கறுப்பைப் பாத்தா, ஒம்மையா கேப்பான்? என்னையில்லா கேப்பான்?"

நான் குறுக்கிட்டு, எண்ணெயும் சுண்ணாம்பும் சேர்ந்தால் தண்ணீரில் கரையாத ஒருவகைச் சோப்பு உண்டாகும், அது நுரைக்காது, கழுவினாலும் போகாது, ஈரம் பட்டால் வழுக்கும் என்று விளக்கினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒம்ம சயன்ஸைப் பள்ளிக்கூடத்துல வச்சுக்கிடும் வே. இங்கன கடுதாசி மட்டும் எழுதினாப் போதும்."

அடித்தார்கள். சாயங்காலம் முற்றம் பால் ஊற்றியதுபோல் இருந்தது. காரியதரிசி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று ரசித்தார். இரவெல்லாம் சாரல். காலையில் வெள்ளை எல்லாம் வழவழப்பான ஒரு சவ்வாக மாறிக் கற்களின் மேல் படர்ந்திருந்தது. சளி மாதிரி என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அது அப்படித்தான் இருந்தது. பிள்ளை விடியும் முன்பே எழுந்து வாசலில் நின்று, "பின்வாசல் வழியாப் போங்க, யாரும் இங்கன வராதீங்க" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். துரை வரும் நேரத்தில் இதென்ன கூச்சல் என்று காரியதரிசி அவரை உள்ளே போகச் சொன்னார். உள்ளே அனுப்பிய சற்று நேரத்தில், கடையத்திலிருந்து குடும்பத்தோடு வந்து தங்கியிருந்த ஓர் அம்மாள் குடத்தோடு முற்றத்தில் கால் வைத்தார். விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. கம்பில்லாமல் அவர் பிறகு நடந்ததில்லை.

துரை வரவே இல்லை. வேறு ஊருக்குப் போய்விட்டாராம்.

அன்று மாலையே கமிட்டி கூடியது. மணியம் பூசி வைத்த சாம்பல் களிம்புதான் வழுக்கிவிட்டது என்று காரியதரிசி சொன்னார். கமிட்டியில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அவர்களில் பாதிப்பேர் முந்தின நாள் அதே சுண்ணாம்பைப் பார்த்து மெச்சியவர்கள். நான் எழுந்து நடந்ததைச் சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். எனக்கும் காரியதரிசிக்கும் அப்போது வேறொரு வழக்கு இருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர் பதவி எனக்கு வர வேண்டியது, பள்ளிக் கமிட்டியிலும் இருந்த அவர் வாயால் தட்டிப்போயிற்று. அதை நான் மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை, இனியும் மன்னிக்கப்போவதில்லை. நான் பேசி முடித்ததும் அவர் கோபப்படவில்லை. சிரித்தார்.

"சார்வாளுக்கு ஹெட்மாஸ்டர் நாற்காலி கிடைக்கலைன்னு கோவம். அதுக்குப் பாவம், கல்லையும் சுண்ணாம்பையும் இழுக்காரு."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு என் சாட்சியம் முடிந்தது. பிள்ளைக்கு வேலை போயிற்று; வீரகேரளம்புதூரில் மகள் வீட்டோடு போய் இருந்துகொண்டார்.

நான் விடுவதாக இல்லை. தென்காசியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல விஷயம் என்னைப் பற்றியதாக மாறிக்கொண்டே போயிற்று. ஒரு நாள் பிள்ளை என் வீடு தேடி வந்தார். உட்காரக்கூட இல்லை.

"வாத்தியாரய்யா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும், இதை விட்டுருங்க. நீங்க வாயைத் திறந்தாலே அது ஒங்க சண்டையாயிருது. நான் எங்கன இருக்கேன்னே தெரியலை."

எனக்குச் சுருக்கென்று தைத்தது. அவர் மேலும் கோபம் வந்தது. ஆனால் வாக்குக் கொடுத்தேன், காப்பாற்றினேன்.

அதற்குப் பிறகு நடந்த ஒன்றைச் சொல்லாவிட்டால் இந்த அஞ்சலி முழுமையாகாது. அந்தச் சவ்வு சத்திரத்தை விட்டுப் போகவில்லை. மணல் போட்டார்கள், சீயக்காய் போட்டார்கள், கல்தச்சரைக் கூப்பிட்டுக் கொத்தவும் பார்த்தார்கள். கடைசியில் காரியதரிசி ஓர் ஆளை வீரகேரளம்புதூருக்கு அனுப்பினார். தான் அனுப்பியதாகச் சொல்லக் கூடாது என்று உத்தரவு. நான் அன்று தற்செயலாகப் பிள்ளையைப் பார்க்கப் போயிருந்தேன். வந்தவன் சுற்றி வளைத்துப் பேசினான். பிள்ளை மூக்கைச் சுளித்துக்கொண்டு கேட்டுவிட்டு, எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார். முதலில் நன்றாகப் புளித்த மோரை ஊற்றி ஊறவிட்டுச் சுண்ணாம்பைப் பிரிக்க வேண்டும், அதன் பிறகுதான் சாம்பலும் உவர்மண்ணும். யாரும் கேட்காமலேயே, இத்தனை நாளாகத் மகள் வீட்டுக் கொல்லையில் ஒரு கல்லைப் போட்டுச் சுண்ணாம்பும் எண்ணெயும் பூசிப் பூசிப் பார்த்துக் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

"மோரு நல்லா நாறணும். ஒங்க எஜமானையே கலக்கச் சொல்லு. நாத்தம் அவருக்குப் பழக்கம்தான்" என்று அவனை அனுப்பி வைத்தார்.

நான் பொறுக்கமாட்டாமல் கத்தினேன். "என்ன அண்ணாச்சி இது? அவன் ஒம்ம பேரைக் கெடுத்தவன். அவனுக்கா சொல்லிக் குடுக்கீரு?"

"அவனுக்கு எங்கன சொன்னேன்? அந்த முற்றம் அப்படிக் கெடக்குன்னு நெனச்சா எனக்குச் சோறு இறங்க மாட்டேங்கு" என்றார்.

இனி அந்தக் கூட்டம். பிள்ளை இறந்து பதினாறு கழிந்ததும் சத்திரத்திலேயே அனுதாபக் கூட்டம் போட்டார்கள். முற்றம் பளிச்சென்று இருந்தது. காரியதரிசி தலைமை. தாம் அரும்பாடுபட்டுச் சுத்தம் செய்த முற்றம் என்று அதை இரண்டு முறை குறிப்பிட்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "அன்னார் ஒரு தவறு செய்தார். ஒரு குடும்பப் பெண்மணிக்கு அதனால் பெரும் துன்பம் நேர்ந்தது. ஆயினும் சத்திரத்தின் சார்பில் அதை நாம் மன்னித்துவிட்டோம்" என்றார். கைதட்டினார்கள். செத்தவரை, அவர் சொல்லிக்கொடுத்த மோரால் கழுவிய கல்லின் மேலேயே நின்றுகொண்டு, தான் செய்த காரியத்துக்காக மன்னித்தார். நான் எழுந்து வெளியே போய்ச் சாக்கடை ஓரம் நின்றேன்.

அங்கே பிள்ளையின் மகள் செல்லம்மாள் வந்தாள். அழவில்லை. முகத்தில் அப்படியே அப்பாவின் சுளிப்பு.

"மாமா, நீங்க அன்னைக்கு அங்கன இருந்தீகளாமே. அப்பா போட்ட சாம்பல்லதான் அந்த அம்மா விழுந்தாளா?"

"இல்லம்மா. சுண்ணாம்புல. அப்பா அடிக்க வேண்டாம்னு கெஞ்சினாரு."

"எங்ககிட்ட அவரு ஒண்ணும் சொன்னதில்ல. கேட்டா எந்திரிச்சுப் போயிருவாரு." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "எம் மகளைப் பாக்க ஆலங்குளத்துலேருந்து வந்தாக. எல்லாம் பேசி முடிச்சுட்டு, வாசல்ல செருப்பு மாட்டும்போது அந்தப் பையனோட அம்மா கேக்கா, 'இடுப்பொடிச்சவரு பேத்தியா இவ?'ன்னு. அதுக்குப் பெறகு தாக்கல் இல்லை. இது எங்களோட போவாது போலிருக்கு மாமா."

அன்றே எழுத உட்கார்ந்தேன்.

அவரிடமிருந்து நான் எதை வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று யாராவது கேட்டால், அருவருப்பை என்பேன். நம் ஊரில் எதற்கும் பழகிப்போவதை நல்ல குணம் என்கிறார்கள். கறுப்புக்குப் பழகு, வழுக்கலுக்குப் பழகு, பொய்க்குப் பழகு. அவர் பழகவில்லை. தினம் காலையில் அந்த முற்றத்தை முதல் முறை பார்ப்பவர்போல் பார்த்து மூக்கைச் சுளித்தார், சுளித்துவிட்டுக் குனிந்தார். எனக்குச் சுளிக்க மட்டும்தான் வந்தது. இருந்தாலும் அதையாவது விடாமல் வைத்திருக்கிறேன்.

எழுதி முடித்து, வழக்கம்போல் அடியில் என் பெயரையும் பட்டத்தையும் போட்டேன். படித்துப் பார்த்தேன். காரியதரிசி எந்தக் கடிதத்தையும் அடியிலிருந்துதான் படிப்பார். பெயரைப் பார்த்ததும் சிரிப்பார். நாற்காலிக் கதையைச் சொல்லுவார். அத்தோடு இது மறுபடி என் சண்டையாகிவிடும். தென்காசியில் நாலு பேர் எழுதியது யார் என்று கண்டுகொள்வார்கள், கண்டுகொள்ளட்டும். நான் அவர்களுக்கு எழுதவில்லை. ஆலங்குளத்திலிருந்து வந்து, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு கேள்வி கேட்ட அந்த அம்மாளுக்கு எழுதுகிறேன். அவருக்கு என்னைத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. இடுப்பு முறிந்தவர் கடையத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறார். அன்று அவரைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். அவர் கட்டியிருந்த மாம்பழக் கலர்ச் சேலை இடுப்பிலிருந்து கரை வரைக்கும் வெள்ளையாக இருந்தது. சாம்பல் களிம்பு வெள்ளையாக ஒட்டாது. போய் அவரையே கேளுங்கள், சேலையில் ஒட்டியிருந்தது என்ன நிறம் என்று.

மொட்டைக் கடிதம் எழுதுகிறவர்களை நான் ஆயுள் முழுக்க எச்சில் இலையைப் போல் பார்த்தவன். வகுப்பில் அப்படி ஒன்று வந்தால் எழுதியவனைக் கண்டுபிடிக்காமல் விட்டதில்லை. இப்போது அடியில் இருந்த என் பெயரைக் கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டேன். இனி இதைப் பத்திரிகைக்கு விலாசமிட்ட உறையில் வைத்து ஒட்ட வேண்டியதுதான். தபால்காரர் பெட்டியைத் திறக்குமுன் போய்ப் போட்டுவிட்டு வருகிறேன்.